வியாழக்கிழமைப் புகார்

“நேத்தும் பாதிப் பூவுல நின்னுடுச்சு தம்பி,” என்றார் தையல்காரம்மா, கதவைத் திறந்ததும் திறக்காததுமாக.

ஸ்டெபிலைசர்காரர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். கையில் இன்று புதுப் பெட்டி ஒன்று இருந்தது. அதை அந்தம்மா பார்த்தாரா, பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தாரா என்பது தெரியவில்லை.

ஜன்னலோரம் கம்ப்யூட்டர் எம்பிராய்டரி மெஷின். தலையணை உறை ஒன்றில் பாதிப் பூவோடு ஊசி நின்றிருந்தது. இந்த மெஷினுக்கு மின்சாரம் கொஞ்சம் தள்ளாடினாலும் ஆகாது. அதற்குக் காவல்தான் ஸ்டெபிலைசர். வோல்டேஜ் ரொம்பக் கீழே போனால், மெஷினுக்கு அடிபடும் முன்பே இணைப்பைத் துண்டித்துவிடும். இந்த வீட்டுக் காவல்காரர் மட்டும் தேவைக்கு மேல் உஷாராக இருந்தார்.

“துணி ஒண்ணும் வீணாகல. விட்ட இடத்துலேருந்து மறுபடி தைச்சுக்குது. ஆனாலும் தினம் ரெண்டு தடவை நின்னா எரிச்சலா இருக்காதா?”

“இருக்கும்மா.”

“உங்களைக் கண்டா மட்டும் சமர்த்தா ஓடுது. நீங்க அந்தப் பக்கம் போனதும் ஆரம்பிச்சுடுது.”

ஸ்டெபிலைசர்காரர் சிரித்து மழுப்பினார்.

நாலு மாதமாக வியாழன்தோறும் இதே கதைதான். தெருவில் வேறு எந்த வீட்டிலும் புகார் இல்லை. முனையில் இருக்கும் மரப்பட்டறையில் ரம்பம் ஓட ஆரம்பிக்கும்போது வோல்டேஜ் லேசாக இறங்கி ஏறும், அவ்வளவுதான். அதற்கெல்லாம் எந்த ஸ்டெபிலைசரும் அசைந்து கொடுக்கக் கூடாது.

சர்வீஸ் சென்டரில் கூடப் பிறக்காத குறையாகப் பழகும் நண்பர்கள் காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டார்கள். “பெட்டிக்கு ஒண்ணுமில்லப்பா. அந்தம்மா பொண்ணு எங்கேயோ தூரத்துல இருக்கு. பேச்சுத் துணைக்கு ஆள் வேணும், அதான் உன்னைக் கூப்பிட்டுக்கிட்டே இருக்காங்க.” அவர் ஒரு நாளும் மறுத்துப் பேசியதில்லை.

பேச்சுத் துணை இல்லாத வீடு எப்படி இருக்கும் என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மனைவி போய்ச் சேர்ந்து ஒரு வருஷம் ஆகிறது. சாயங்காலம் பூட்டைத் திறந்தால், காலையில் வைத்த டம்ளர் வைத்த இடத்திலேயே இருக்கும். அதைப் பார்த்ததும் அவருக்கு அழுகை வரும். வாரத்தில் இந்த ஒரு மணி நேரம்தான், “சாப்பிட்டீங்களா” என்று கேட்டுவிட்டுப் பதிலுக்கும் காத்திருக்கிற ஒருவர் முன்னால் அவர் உட்காருகிறார்.

இன்று அதற்கும் முடிவு வந்துவிட்டது. காலையில் மேனேஜர் கறாராகச் சொல்லிவிட்டார். “புதுசை மாட்டிட்டுப் பழசைக் கழட்டிட்டு வந்துடுங்க. கையெழுத்து வாங்கிப் புகாரை முடிங்க. இனிமே அந்தத் தெருப் பக்கம் நீங்க போக வேண்டாம்.”

மாட்டினார். புதுப் பெட்டியை வைத்தால் ஒரு மணி நேரம் கூடவே இருந்து, பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை மீட்டரைப் பார்த்துக் குறிக்க வேண்டும் என்பது விதி. அந்தம்மா டீ கொண்டுவந்து வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தார். மகள் ஞாயிற்றுக்கிழமை போனில் பேசியது, தன் முழங்கால் வலி, மாடி வீட்டு நாயின் அட்டகாசம் என்று பேச்சு எங்கெங்கோ போனது. ஸ்டெபிலைசர்காரர் ஒரு தடவை மீட்டரைக் குறிக்கவே மறந்துவிட்டார்.

முனையில் ரம்பம் உறுமியது. மீட்டர் முள் சறுக்கியது, விளக்கு ஒரு கணம் மங்கியது. புதுப் பெட்டி கண்டுகொள்ளவே இல்லை. ஊசி கடகடவென்று ஓடி, பூவை முழுசாக முடித்துவிட்டு நின்றது.

அந்தம்மா பூவைத் தடவிப் பார்த்தார். முகத்தில் சந்தோஷத்தைக் காணோம்.

“இனிமே நடுவுல நிக்காதும்மா.”

“நிக்கவே நிக்காதா?”

“நிக்காது.”

“அப்ப அடுத்த வியாழக்கிழமை?”

“புகார் முடிஞ்சிடுச்சுல்லம்மா. இனி எனக்கு இங்க என்ன வேலை?”

அந்தம்மா தாளை வாங்கிக் கையெழுத்துப் போட்டார். ஸ்டெபிலைசர்காரர் மீட்டரைத் துடைத்தார். துடைத்ததையே மறுபடி துடைத்தார். பழைய பெட்டியின் வயரைச் சுருட்டிப் பிரித்து இன்னொரு தரம் சுருட்டினார். எழுந்திருக்க மனசே வரவில்லை.

கடைசியில் வேறு வழியில்லாமல் எழுந்தார். மேஜையில் மறந்து வைத்திருந்த ஸ்க்ரூ டிரைவரை அந்தம்மா எடுத்து அவரிடம் நீட்டினார். வீட்டில் வேறு யாருமே இல்லை. ஆனாலும் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்:

“பழைய பெட்டியைச் சட்டுசட்டுனு நிக்கிற மாதிரி திருகி வச்சீங்களே தம்பி, இதையும் அப்படியே வச்சிட்டுப் போங்க.”