பேருந்தில் அழவைத்த டிராகன்

அமெரிக்காவின் டுலூத் நகர நூலக மாடியில், சன்னலில் படிந்த பனியைத் துளைத்துக்கொண்டு சனிக்கிழமை வெயில் மேசையில் சிதறுகிறது. மாதம் ஒருமுறை கூடி, படித்துக்கொண்டிருக்கும் நாவல்களைப் பற்றிப் பேசும் ஏழெட்டுப் பேர் காபியோடு உட்கார்ந்திருக்கிறார்கள். ஆரின் மட்டும் வாசலையே பார்க்கிறார். போன மாதம் கெஞ்சிக் கூத்தாடி ஒரு டிராகன் நாவலை அதே குழுவிலுள்ள மார்லிஸ் கையில் திணித்தவர் அவர். விண்கலம் இல்லாத கதையை மார்லிஸ் பதினோரு வருடமாகத் தொட்டதில்லை. பாதியில் மூடி வைத்திருப்பாரோ என்று ஆரினுக்குச் சந்தேகம். கதவு திறக்கிறது. தொப்பியிலிருந்து பனி உதிர மார்லிஸ் வந்து, ஓரமெல்லாம் மடங்கிய புத்தகத்தைப் பொத்தென்று மேசையில் போடுகிறார். "ஏன்யா, அந்தக் கிழட்டு டிராகன் செத்துப்போகும்னு ஒரு வார்த்தை சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதா? பஸ்ல உக்காந்து தேம்பித் தேம்பி அழுறேன், டிரைவர் வண்டிய நிறுத்திட்டு என்னம்மா ஆச்சுங்குறான்!" அறையே குலுங்கிச் சிரிக்கிறது. ஆரினுக்குக் காதுமடல்வரை சிவக்கிறது. "அப்ப, பிடிச்சிருக்குங்குற?" "பேச்ச விடு, அடுத்த பாகம் எங்க?" என்று மார்லிஸ் கையை நீட்டுகிறார். ஆரின் பையைத் திறந்து அந்தக் கையில் இரண்டாம் பாகத்தை வைக்கிறார், அதன்மேல் மூன்றாவதையும் வைக்கிறார். மார்லிஸ் வாயெல்லாம் பல்லாக இன்னொரு கையையும் நீட்டுகிறார்.