பத்து நாற்பது நிறுத்தம்

மார்ச் ஒன்பதாம் தேதி காலை, கோட்டைக்குள் மூன்றாம் குறுக்குத் தெரு பதினேழாம் எண் வீட்டுக் கதவில் தொல்லியல் துறை ஓர் அறிவிப்பை ஒட்டியது. வீட்டுக்கு அடியில் பழைய நிலவறை ஒன்று இருப்பதாக வழிவழியாக நம்பப்படுவதால், தோண்டிப் பார்ப்பதற்காக முப்பது நாளில் காலி செய்ய வேண்டும்.

அந்த வழிவழி நம்பிக்கைக்கு வயது பதினான்கு. பெற்றெடுத்தவர் ஒரு சுற்றுலா வழிகாட்டி.

முற்றுகை நடந்த ஆண்டில் அரசி ஒருத்தி இந்த வீட்டு நிலவறையில் நாற்பது நாள் ஒளிந்திருந்தாள் என்று ஒரு நாள் வாய்க்கு வந்ததைச் சொன்னார். கேட்டவர்களின் கண்கள் விரிந்தன. சில நாளில் அரசிக்கு ஒரு தோழி சேர்ந்தாள். அப்புறம் ஒரு கிளி. மற்ற வழிகாட்டிகள் அவரைக் 'கிளி சார்' என்று கிண்டல் செய்தார்கள். பிறகு அவர்களும் அதே கதையைச் சொல்லத் தொடங்கினார்கள். சுற்றுலாக் கையேட்டின் நான்காம் பதிப்பில், கிளியைத் தவிர மற்றதெல்லாம் அச்சேறிவிட்டது.

பதினேழாம் எண் வீட்டில் குடியிருப்பது அவருடைய அக்கா. அவளுக்கு வேறு வீடு கிடையாது.

இருபதாம் நாள், அறிவிப்பில் கையெழுத்துப் போட்ட துணை இயக்குநரம்மாவைக் கெஞ்சிக் கூத்தாடி, அவருக்கு மட்டுமாக ஊர் சுற்றிக் காட்ட அழைத்து வந்தார் வழிகாட்டி. அன்று அவர் சொன்ன ஆண்டுகளெல்லாம் சரியானவை. எந்த மதில் எப்போது இடிந்தது என்று தெரியாத இடத்தில், தெரியாது என்றே சொன்னார்.

பத்து நாற்பதுக்குப் பதினேழாம் எண் வீட்டின் முன்னால் நின்றார்கள்.

அக்கா ஜன்னலில் இருந்தாள். அந்த நேரத்துக்கு வழக்கமாக வேலைக்குப் போயிருக்கும் அவள் வீட்டுக்காரர், இன்று வாசலில் நின்றார். கையில் வீட்டுப் பத்திரம்.

ஒரு கல்யாணப் பந்தியில் வழிகாட்டி தன்னைக் கேலி செய்து ஊரையே சிரிக்க வைத்த நாளிலிருந்து வீட்டுக்காரர் இந்த மைத்துனருடன் பேசுவதில்லை. அரசி கதையைக்கூடத் தன்னை வம்புக்கு இழுக்கத்தான் கட்டிவிட்டான் என்று நினைத்தார். இப்போதும் இவரைப் பார்க்காமல், துணை இயக்குநரம்மாவிடம்தான் பேசினார்.

"சொல்லச் சொல்லுங்க மேடம். வாயால கெடுத்தவன் வாயாலயே சரி பண்ணட்டும்."

வழிகாட்டி சட்டையில் குத்தியிருந்த அடையாள அட்டையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். "ராணியும் இல்ல, நிலவறையும் இல்ல மேடம். எல்லாம் நான் கட்டிவிட்டது. எழுதியே குடுத்துடறேன்."

துணை இயக்குநருக்குக் கோபம் வரவில்லை. அதுதான் மோசம். அவர் கனிவாகச் சிரித்தார்.

"கூடப் பிறந்த அக்கா வீடு. நானா இருந்தாலும் இப்படித்தான் சொல்லுவேன்." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சரி, பொய்யின்னே வெச்சுக்குவோம். தெருவுல முப்பத்தாறு வீடு இருக்கு. அத்தனையையும் விட்டுட்டு ராணியை ஏன் இங்க குடிவெச்சீங்க? அதுக்குப் பொருத்தமா ஒரு காரணம் சொல்லுங்க, நம்பறேன். இன்னைக்கே கோப்புல எழுதி நிறுத்திடறேன்."

காரணம் இருந்தது.

அந்தக் கல்யாணத்துக்கு மறுநாள், இனித் தம்பி முகத்தில் விழிப்பதில்லை என்று வீட்டுக்காரர் அக்காவிடம் சத்தியம் வாங்கியிருந்தார். பெற்ற மகளின் தலையில் கைவைக்கச் சொல்லி வாங்கிய சத்தியம்.

அடுத்த வாரமே அரசி அந்த வீட்டுக்குக் குடிவந்தாள்.

ஒரு வழிகாட்டி நாலு பேரைக் கூட்டிவந்து ஒரு ஜன்னலைப் பார்த்துப் பேசினால், ஏன் என்று யாரும் கேட்பதில்லை. தினமும் பத்து நாற்பதிலிருந்து நான்கு நிமிடம். அக்காவிடம் சொல்ல வேண்டியதையெல்லாம் அரசியின் கதையில் வைத்துச் சொன்னார். அவருக்குக் காய்ச்சல் என்றால் அரசிக்கும் காய்ச்சல். அவருக்குக் கல்யாணம் நிச்சயமான அன்று தோழி வந்தாள். மகன் பிறந்த அன்று கிளி. அக்கா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கேட்பாள். ஒரு நாளும் தவறியதில்லை.

வீட்டுக்காரர் இப்போது முதன்முறையாக வழிகாட்டியின் முகத்தைப் பார்த்தார். "சொல்லேன்டா" என்றார். கெஞ்சுகிற குரல்.

வழிகாட்டி ஜன்னலைப் பார்த்தார்.

அக்கா தலையை அசைத்தாள். வேண்டாம் என்று, மிக மெதுவாக.

அவளுக்குப் பின்னால் சுவரில் மகளின் படம் தொங்கியது. சத்தியம் வாங்கிய மூன்றாம் ஆண்டு மூளைக்காய்ச்சலில் போய்விட்டாள். ஒன்பது வயது. நாம் என்ன தப்பு செய்தோம் என்று அவள் அப்பா இன்றுவரை கேட்டுக்கொண்டிருக்கிறார்.

"காரணம்னு ஒண்ணும் இல்ல மேடம்" என்றார் வழிகாட்டி. "சும்மா, வாய்க்கு வந்துச்சு."

துணை இயக்குநர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, அடுத்து எங்கே என்று கேட்டார்.

ஏப்ரல் எட்டாம் தேதி வீடு பூட்டி முத்திரையிடப்பட்டது. பதினோரு அடி வரை தோண்டினார்கள். நிலவறை எதுவும் கிடைக்கவில்லை. அக்காவும் வீட்டுக்காரரும் ஊருக்கு வெளியே ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் ஆறாம் தளத்துக்குப் போய்விட்டார்கள். அந்தப் பக்கம் பார்க்க ஒன்றுமில்லை என்பதால், வழிகாட்டிகள் யாரும் அங்கே போவதில்லை.