பச்சை வந்தால் நல்லது

ஒன்றரை வயதில் வினோதாவின் இதயத்திலிருந்த ஓட்டையைத் தைத்து மூடினார்கள். அதன் பிறகு வருடத்துக்கு ஒருமுறை எக்கோ. குளிர்ந்த ஜெல்லைத் தடவி நெஞ்சில் கருவியை அழுத்தும்போது திரையில் சிவப்பும் நீலமுமாக ரத்தம் ஓடும். நடுவில் பச்சை மின்னும். "பச்சை வந்தா நல்லது பாப்பா, சிக்னல் மாதிரி" என்று அம்மா காதோரம் சொல்வாள். பச்சை தெரிந்தால் ஆஸ்பத்திரி வாசலில் ரோஸ்மில்க் உண்டு. ரோஸ்மில்க் இல்லாத வருடமே இல்லை.

பதினெட்டு முடிந்துவிட்டதால் இந்த முறை அவளைத் தனியாக உள்ளே அனுப்பினார்கள். பச்சையைப் பார்த்ததும் சிரித்துவிட்டாள்.

ஸ்கேன் எடுத்த பெண்ணின் கை நின்றது. "எதுக்கும்மா சிரிக்கிற? அதுதான் கசிவு. வருஷா வருஷம் உங்கம்மாகிட்ட சொல்லிக்கிட்டுத்தானே இருக்கோம்."

ஜெல்லைத் துடைத்துவிட்டு வெளியே வந்தாள். அம்மா நாற்காலியிலிருந்து எழுந்தாள்.

"பச்சை வந்துச்சா பாப்பா?"

"இல்லம்மா. இந்தத் தடவை பச்சையே வரல."

அம்மா கண்ணை மூடி, இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கிக் கும்பிட்டாள்.

அந்தக் கைகள் இறங்கும்வரை வினோதா காத்திருந்தாள்.