கடித்த முட்டை

முப்பத்து மூன்று.

எடை மிஷின் முள் அதற்கு மேல் அசையவில்லை. போன வாரம் முப்பத்து நான்கு.

"குடுக்குற சோறெல்லாம் எந்தக் குழிக்குப் போகுது?" வார்டே திரும்பிப் பார்க்கும்படி கத்தினாள் ஜெபக்கனி சிஸ்டர். "இன்னும் ஒரு கிலோ எறங்குச்சுன்னா ஒடம்பு மாத்திரையத் தாங்காது. செத்துப் போவ. டி.பி.ல இல்ல, பட்டினில."

மிஷினை விட்டு இறங்கி அவள் தன் கட்டிலுக்கு வந்தாள். பாவி, ஊர் கேட்கவா கத்த வேண்டும்?

எந்தக் குழி என்று அவளுக்குத் தெரியும்.

பன்னிரண்டு மணிக்குச் சாப்பாட்டு வண்டி வரும். பார்வையாளர்களுக்குக் கேட் திறப்பதும் அப்போதுதான். வண்டிக்குப் பின்னாலேயே பலவேசம் வருவான். கட்டிய புருஷன். நோய் ஒட்டிக்கொள்ளுமென்று மூக்கைச் சுற்றித் துண்டு. ஜன்னலோரம் ஸ்டூலைப் போட்டு, அவள் கை படுவதற்குள் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொள்வான். சாப்பிட மட்டும் துண்டு இறங்கும்.

"வீட்ல எனக்கு யாரு பொங்கிப் போடுதா? நீ சொகமாப் படுத்துக் கெடக்க."

சொகமாம், சொகம்.

மிச்சம் வைப்பான். ரசத்தில் ஊறிய நாலு பருக்கை. அதைத் தின்றுவிட்டு ஆறு மாத்திரை விழுங்குவாள். வயிறு எரியும். தட்டைத் திருப்பிக் கேட்டதில்லை. கேட்டுப் பழக்கமில்லை, அவ்வளவுதான்.

அன்று வண்டியோடு சிஸ்டரே வந்தாள். முட்டையை உரித்து அவள் வாய்க்கு நேரே நீட்டினாள்.

"கடி. எங் கண்ணு முன்னால கடி. இந்த வார்டு முட்டை வெளிய போகுதாம். இனிமே கடிக்காம ஒருத்திக்கும் கெடையாது."

பச்சைப் பிள்ளைக்கு ஊட்டுவதைப் போல. அத்தனை பேர் முன்பும்.

அவளுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. கடித்தாள். சிஸ்டர் மீதியைச் சோற்றின் மேல் வைத்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனாள்.

பலவேசம் வந்து தட்டை இழுத்தான்.

முட்டையில் பல் தடம்.

துண்டு சட்டென்று மூக்குக்கு ஏறியது. காலி மாத்திரை அட்டையை எடுத்தான். அதைக் கொண்டு முட்டையை வெளியே தள்ளினான். அது பட்டிருந்த இடத்துச் சோற்றையும் சேர்த்து. மற்றதைத் தின்றான்.

விரிப்பில் கிடந்த முட்டையை அவள் எடுத்துத் தின்றாள். முழு முட்டை. எத்தனை நாளாயிற்று!

மறுநாள்.

வண்டி வந்தது. கேட் திறந்தது. வராண்டாவில் அவன் செருப்புச் சத்தம்.

அவள் சாம்பாரை மொத்தமாகச் சோற்றில் ஊற்றினாள். பிசைந்தாள். ஒரு வாய் தின்றாள். விரல்களைச் சப்பினாள். அதே கையால் மறுபடியும் அடிவரை பிசைந்தாள். வாழைப்பழத்தை உரித்து நுனியைக் கடித்து வைத்தாள்.

தட்டை மடியில் இறுக்கிப் பிடித்தாள். விடவில்லை.

துண்டுக்கு மேலே அவன் கண்கள் தட்டையே பார்த்தன.

"எல்லாத்தையும் எச்சி பண்ணிட்டியே, மூதி. நான் என்னத்தத் திங்க?"

மூன்று கட்டில் தள்ளி ஜெபக்கனி சிஸ்டர் யாருக்கோ முட்டை உரித்துக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

அவன் ஸ்டூலை எட்டி உதைத்தான். "நாளைக்கு நான் வரமாட்டேன், பாத்துக்கோ."

வாசல்வரை போனவன் நின்றான். கூப்பிடுவாள் என்று நின்றான்.

அவள் வாய் நிறையச் சோறு இருந்தது.