பின்பாதி

கோதை எந்த நாவலை எடுத்தாலும் முதலில் கடைசிப் பக்கத்தைப் படித்துவிடுவாள். அதனால் எனக்கு உயிரான நாவல்களை அவளுக்குக் கொடுக்கும்போது நடுவில் கிழித்து முன்பாதியை மட்டும் கொடுப்பேன். முடித்ததும் மீதிக்காகக் கரண்டியோடு சண்டைக்கு வருவாள். கல்யாணமான நாளிலிருந்து இப்படித்தான்.

காலையில் டாக்டர் என்னைத் தனியே கூப்பிட்டுப் பேசினார். வீட்டுக்குப் போய், எல்லாவற்றையும்விடப் பிடித்ததென்று இதுவரை அவளுக்குக் கொடுக்காமலே வைத்திருந்த நாவலை ஆஸ்பத்திரிக்கு எடுத்துவந்தேன். படுத்தபடியே அதன் முதுகை விரலால் தடவினாள்.

"ஏங்க, கிழிக்கலையா?"

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். பின்னால் தாள் கிழியும் சத்தம் கேட்டது. தெம்பில்லாத கைகளால் எப்படியோ பிய்த்து, பின்பாதியை என்னிடம் நீட்டினாள்.

"நான் கேக்கும்போது குடுங்க."