பொழுது சாய்ந்த படம்

"அந்த ஒரு படத்த மட்டும் வுட்டுடு தேவயானி. பொழுது சாஞ்சி எடுத்தது. வெறும் இருட்டுதான்."

சுதீர் ஜன்னலோரம் நின்றபடி சொன்னான். திருச்சானூரில் ஒரு மாடியறையில் கணவனும் மனைவியுமாக நடத்தும் சின்ன ஸ்டூடியோ அது. கல்யாணங்களுக்குப் போய்ப் படம் பிடிப்பது அவன். கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து அவற்றைச் சீர்செய்வது அவள்.

"இருட்டுன்னா அழிச்சிட வேண்டியதுதானே? இன்னாத்துக்கு வெச்சிக்கினு இருக்கீங்க?"

"அழிச்சிடாத!" என்றான் அவசரமாக. பிறகு குரலைத் தணித்துக்கொண்டு, "காட்டுல எடுத்த கடைசிப் படம். இருந்துட்டுப் போவுது" என்றான்.

கடைசி என்ற வார்த்தையைத்தான் அவளால் நம்ப முடியவில்லை. ஞாயிறு விடிந்தால் போதும், மனுஷன் கேமராவைத் தோளில் மாட்டிக்கொண்டு சேஷாசலம் மலையடிவாரத்துக்குக் கிளம்பிவிடுவான். எல்லாம் ஒரு சிறுத்தைக்காக. மலையேறும் பக்தர்கள் பார்த்திருக்கிறார்கள், பால்காரர் பார்த்திருக்கிறார், ஒன்பது வருடமாகத் தவம் கிடப்பவன் கண்ணில் மட்டும் அது பட்டதில்லை. மயிலும் மானும் காட்டுக்கோழியுமாக ஹார்ட் டிஸ்க் நிறைந்ததுதான் மிச்சம். நாய் வாலை நிமிர்த்தினாலும் நிமிர்த்தலாம், இவனைத் திருத்த முடியாது என்று சொந்தக்காரர்களே கைகழுவியாயிற்று. அப்படிப்பட்டவன் போன ஞாயிறு திரும்பி வந்ததும், காட்டுக் கேமராவை, தன்னைப்போலவே படம் பிடிக்கும் வடமாலபேட்டை சிரஞ்சீவிக்குக் கொடுத்துவிடப் போவதாகச் சொல்லிவிட்டான். சிரஞ்சீவியும் அதை வாங்கிப்போக வந்துகொண்டிருக்கிறான்.

"நெஜமாவே குடுத்துடப் போறீங்களா?"

"ஒம்போது வருசம் சுத்தியாச்சி. அதுக்கு என்னப் புடிக்கல போல. போதும்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னான். அவளால்தான் கூடச் சிரிக்க முடியவில்லை. அவன் காட்டுக்குப் போன ஞாயிறுகளில் போன் அடித்தாலே பதறியவள் அவள். இந்தப் பைத்தியம் எப்போது தெளியும் என்று அலமேலுமங்கைத் தாயாரிடம் வேண்டாத வெள்ளிக்கிழமை இல்லை. வேண்டியது கிடைத்தபோது ஏனோ சந்தோஷம் வரவில்லை. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை அவன் அதைப் பார்த்திருக்கலாம்.

"டீ வாங்கினு வரேன்" என்று அவன் இறங்கிப் போனான்.

தேவயானி அந்தப் படத்தைத் திறந்தாள். ஓரத்தில் மங்கலாக ஒரு மயில் தோகை, மற்றதெல்லாம் கறுப்பு. கல்யாண மண்டபத்தில் கரண்ட் போனபோது எடுத்த படத்திலிருந்தே மணப்பெண்ணின் மாமியார் முகத்தை மீட்டுக் கொடுத்தவள் அவள். வேறு எதையும் பார்க்காமல், வழக்கம்போல நேராக நிழலைத் தெளிவாக்கும் பட்டைக்குப் போய், அதை மெள்ள வலப்பக்கம் இழுத்தாள்.

இருட்டு கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்தது. முதலில் ஒரு பாறை வந்தது. பிறகு அதன்மேல் பாசி, கீழே சருகு, பக்கத்தில் ஒரு புதர். கனவுக்குள் நடப்பதுபோல இருந்தது. மலைக்காற்றின் வாசனைகூட அடித்தது அவளுக்கு. பாறையோரம் பொட்டுப் பொட்டாக ஏதோ தெரிந்தது. இருட்டுப் படத்தை வெளுத்தால் வரும் வெறும் புள்ளிகள்தானா? இன்னும் கொஞ்சம் இழுத்தாள்.

இரண்டு கண்கள் அவளைப் பார்த்தன.

சிறுத்தை! நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தேவிட்டாள். அவன் முகம் எப்படி மலரும்! குழந்தைமாதிரி குதிப்பான். இனிமேல் கேமராவை யாருக்குத் தருவான்?

அந்த நினைப்பில் அவள் கால் நின்றுவிட்டது. தரமாட்டான். அடுத்த ஞாயிறும் போவான், அதற்கடுத்த ஞாயிறும் போவான். மறுபடி திரையைப் பார்த்தாள். படம் எடுத்தது தூரத்தை இழுக்கும் பெரிய லென்ஸில் இல்லை, கிட்டத்தில் எடுக்கும் சின்ன லென்ஸில். அப்படியும் சிறுத்தையின் மீசை மயிர் ஒவ்வொன்றாகத் தெரிகிறது. அது மயிலைப் பார்க்கவில்லை. கேமராவுக்குப் பின்னால் குந்தியிருந்த அவள் புருஷனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. ஒரே பாய்ச்சல் தூரம். அந்த இருட்டில் இவனுக்கு ஒன்றுமே தெரிந்திருக்காது.

படியில் செருப்புச் சத்தம் கேட்டது. தாயே மன்னித்துக்கொள் என்று முணுமுணுத்தபடி, பட்டையை இடப்பக்கம் தள்ளினாள். இருட்டு சிறுத்தையை மூடிக்கொண்டது.

"இன்னா, எதுனா தெரிஞ்சிச்சா?" டீயை நீட்டியபடி அவள் முகத்தையே பார்த்தான்.

"ஒண்ணுமில்லீங்க. கல்லும் செடியும்தான்."

அவன் நீளமாக ஒரு பெருமூச்சு விட்டான். அது அவள் நெஞ்சை அறுத்தது. பாவி, ஒன்பது வருடக் கனவைக் கையில் வைத்துக்கொண்டு இல்லை என்கிறாயே என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

"சுதீர் அண்ணா! கேமரா ரெடியா?" கீழே சிரஞ்சீவியின் குரல்.

சுதீர் கேமராப் பையை ஒருமுறை தடவிக்கொடுத்துவிட்டு எடுத்துக்கொண்டு இறங்கினான்.

தேவயானி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். தான் படத்தில் கைவைத்த சுவடே இருக்கக் கூடாது. செய்த மாற்றங்களையெல்லாம் நீக்கி, கேமராவில் எடுத்தபடியே படத்தைத் திருப்பித் தரும் பொத்தானை அழுத்தினாள்.

படம் இருளவில்லை, பளீரென்று வெளுத்தது. பட்டப்பகல் வெயிலில், பாறையோரம், யாரும் தேடாமலே கண்ணில் படும்படி சிறுத்தை உட்கார்ந்திருந்தது. அந்தக் காட்டில் பொழுது சாயவேயில்லை. சுதீர்தான் அவள் பயந்துவிடக் கூடாதென்று சாய்த்து வைத்திருந்தான்.