முதல் பொட்டலம்

இயக்குநர் சுழல் நாற்காலியில் இருந்தார். தயாரிப்பாளர் சோபாவில், கதாநாயகன் ஜன்னல் விளிம்பில். கதவோரப் பிளாஸ்டிக் நாற்காலியில், போலீஸ் சுட்டுக் கொன்ற போதை வியாபாரியைப் பெற்றவள் உட்கார்ந்திருந்தாள்.

அவன் வீழ்ந்த கதை ஏற்கெனவே படமாகிச் சக்கைப்போடு போட்டிருந்தது. இப்போது அவன் வளர்ந்த கதை. வக்கீலுக்குப் போகவேண்டிய சம்மதக் கடிதத்தில் அவள் கையெழுத்துதான் பாக்கி.

“உங்க பையன் சிங்கம்மா! முதல் பொட்டலத்தை ஒரு பொடியன்கிட்ட விக்கிறான். அந்தப் பொடியன் அங்கேயே சுருண்டு விழறான். நம்மாளு திரும்பிக்கூடப் பாக்காம நடந்து வர்றான். தியேட்டர்ல விசில் பறக்கும்!” என்றார் இயக்குநர்.

“விழற பையன் யாருங்க?”

“யாரோ ஒருத்தன். அவன் கெடக்கறான், விடுங்க.”

“அவனுக்கு வசனமே இல்லையா?”

“சாகப்போறவனுக்கு எதுக்கும்மா வசனம்?” கதாநாயகன் சிரித்தான்.

“ஒண்ணே ஒண்ணு குடுங்க தம்பி. கையெழுத்துப் போட்டுடறேன்.”

இயக்குநர் பேனாவைத் திறந்தார். “சொல்லுங்க.”

“‘அம்மாகிட்ட சொல்லிடாதேண்ணா.’”

இயக்குநர் எழுதிக்கொண்டார்.

“சின்னவனைத் தோள்ல போட்டுத் தூக்கிட்டு வந்தப்ப, அவன் கடைசியாச் சொன்ன இதையேதான் பெரியவன் சொல்லிச் சொல்லி அழுதான்” என்றாள்.

தயாரிப்பாளர் தொண்டையைக் கனைத்தார். “கூடப் பிறந்த தம்பின்னா ஹீரோவுக்கு எவன் விசிலடிப்பான்? பக்கத்து வீட்டுப் பையன்னு வச்சுக்கலாம்மா.”

அவள் பேனாவை வாங்கி, கையெழுத்துப் போடும் இடத்தில் ‘சம்மதமில்லை’ என்று கொட்டை எழுத்தில் எழுதினாள். மேசையில் தயாராக இருந்த, வக்கீலின் விலாசம் எழுதிய உறைக்குள் கடிதத்தை மடித்து வைத்து ஒட்டி, எழுந்து போய்த் தெருமுனைத் தபால் பெட்டியில் தன் கையாலேயே போட்டாள்.